சிவப்பு மாத்திரையின் வரலாறு: பம்பாய் ஆலையிலிருந்து கான்சாபுரம் வயல் வரை

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலித் இலக்கிய அமைப்பு நடத்தும் நினைவுச் சொற்பொழிவில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது, இது சுகாதாரத் துறைக்காரர்கள் பேச வேண்டியதல்லவா என்று ஒரு தோழர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாம் எந்த மண்ணில் நின்று பேசுகிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள். பாமாவும் ராஜ் கௌதமனும் பிறந்த புதுப்பட்டி இதே வத்திராயிருப்பு வட்டாரத்தில்தான் இருக்கிறது. 1992இல் 'கருக்கு' வந்தபோது, சேரிப் பெண்களின் உழைப்பும் பசியும் உடம்பும் தமிழில் முதன்முறையாக அவர்கள் பேச்சிலேயே எழுத்தாயின. உடம்பைப் பற்றி எழுதுவது இலக்கியம் என்றால், அந்த உடம்புக்கு என்ன நடந்தது என்று கேட்பது வரலாறு. அந்த வரலாற்றின் ஒரு பகுதியைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

கான்சாகிபின் பெயரைச் சொல்லும் இந்தக் கான்சாபுரத்தில் வரலாறு என்றதும் படையெடுப்பும் கோட்டையும் தூக்குமரமும் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த வரலாற்றில் பெண்கள் இல்லை. பேறுகாலத்தில் செத்துப்போன பெண்கள் அறவே இல்லை. அவர்களுக்கு நடுகல்லும் கிடையாது. அவர்களைத் தேடிப் போக நமக்கு இருக்கும் வழிகளில் ஒன்று, கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் சிவப்பு மாத்திரை.

அந்த மாத்திரையை இங்கிருக்கும் தாய்மார்கள் எல்லோரும் அறிவார்கள். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து நாளைக்கு ஒன்று வீதம் குறைந்தது 180 நாள், பிள்ளை பிறந்த பின் இன்னொரு 180 நாள் சாப்பிட வேண்டும் என்பது அரசு நெறிமுறை. கிராம சுகாதார செவிலியர் கொடுக்கிறார், நாம் வாங்கிக்கொள்கிறோம். சிலர் சாப்பிடுகிறோம், சிலர் பானைக்குப் பின்னால் வைத்துவிடுகிறோம். இந்த மாத்திரைக்குள் இருக்கும் அறிவு யாருடைய உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது என்று யாரும் நமக்குச் சொன்னதில்லை.

1. 1928, பம்பாய்

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய் வந்து சேர்ந்தார். அந்த நகரத்தின் துணி ஆலைகளில் வேலை செய்த பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை கண்டு இறந்துகொண்டிருந்தார்கள். உதடு வெளுத்து, கால் வீங்கி, மூச்சு வாங்கி, பிரசவத்தில் சிறிது ரத்தம் போனாலே தாங்க முடியாமல் போய்ச் சேர்ந்தார்கள். இந்தியப் பெண்களின் பேறுகால நலம் குறித்து உழைத்துவந்த மார்கரெட் பால்ஃபர் என்ற மருத்துவரின் முயற்சியால் லூசி வில்ஸ் இந்த ஆய்வுக்கு அழைக்கப்பட்டார். பரேலில் இருந்த ஹாஃப்கின் ஆய்வு நிலையத்தில் இருந்துகொண்டு அவர் வேலையைத் தொடங்கினார். இந்திய மருத்துவர்களும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள்.

இது ஏதோ கிருமியால் வரும் நோய் என்ற சந்தேகம் முதலில் இருந்தது. அவர் அந்தப் பெண்களின் வீடுகளையும் வேலையையும் சாப்பாட்டையும் கவனித்தார். எந்த வகுப்புப் பெண் என்ன சாப்பிடுகிறாள், அவளுக்கு இந்த நோய் வருகிறதா என்று கணக்கெடுத்தார். சாப்பாடு மோசமாக இருந்த இடத்தில்தான் நோய் அதிகமாக இருந்தது. ஏழை முஸ்லிம் பெண்கள் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பிறகு பெண்கள் சாப்பிட்ட அதே உணவை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். விலங்குகளுக்கும் ரத்தம் குறைந்தது. 'மார்மைட்' என்ற ஈஸ்ட் சாரத்தைக் கொடுத்தபோது குரங்கு தேறியது. பீர் தயாரிக்கும் தொழிலில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மலிவான பொருள் அது. அதையே கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொடுத்தார். வெளுத்துப்போன பெண்கள் சில நாட்களிலேயே பசி எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்கள், ரத்தம் ஊறியது. 1931இல் இந்த முடிவுகள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயின.

அதே 1928இல் அதே பம்பாயில் இன்னொன்றும் நடந்தது. ஆலைத் தொழிலாளர்களின் மாபெரும் வேலைநிறுத்தம் அந்த ஆண்டில்தான். நெசவுப் பகுதியில் தீண்டத்தகாதோருக்கு இடமில்லை என்ற கொடுமையை அண்ணல் அம்பேத்கர் வெளிப்படையாகக் கேள்வி கேட்டது அப்போதுதான். அறுந்த நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டியிருந்ததால், தலித் வாய் பட்ட நூலைத் தொடமாட்டோம் என்று மற்ற தொழிலாளர்கள் மறுத்துவந்தார்கள். அதனால் கூலி அதிகமுள்ள வேலை நம்மவர்களுக்குக் கிடைக்கவில்லை. கூலி குறைந்த வீட்டில்தான் சாப்பாடு குறைகிறது. குறைந்த சாப்பாடும் வீட்டுக்குள் பெண்ணுக்குக் கடைசியாகத்தான் வருகிறது. ரத்தசோகை என்று மருத்துவர் எழுதியதன் பின்னால் நெசவுக்கூடத்தில் போட்ட தீட்டும் இருந்தது.

1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா வந்தது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கு வேண்டியது என்று அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். அந்தச் செலவை அரசு பெருமளவு ஏற்க வேண்டும் என்றாலும், பெண்ணின் உழைப்பால் லாபம் அடையும் முதலாளியும் ஒரு பங்கைச் சுமக்கத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். 1929இல் அது சட்டமானது.

ஒரே ஊர், ஒரே ஆண்டு, ஒரே பெண்கள். லூசி வில்ஸ் அவர்களுக்குச் சத்தைத் தேடினார். அம்பேத்கர் அவர்களுக்கு ஓய்வையும் கூலியையும் கேட்டார். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு கர்ப்பிணி பிழைப்பாள். பின்னாளில் முதலாவது எல்லோருக்கும் வந்தது. இரண்டாவது நம்மை வந்து சேரவில்லை. இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

2. பெயரிலேயே சாதி இருந்த மருத்துவமனை

லூசி வில்ஸின் ஆய்வு பம்பாயோடு முடியவில்லை. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் அவர் வேலை செய்தார். 1931இன் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து ஒரு பெண்கள் மருத்துவமனையில் ஆய்வைத் தொடர்ந்தார். அந்த மருத்துவமனையின் பெயரைக் கவனியுங்கள்: 'விக்டோரியா சாதி மற்றும் கோஷா மருத்துவமனை'. சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷா அணியும் முஸ்லிம் பெண்களுக்கும் என்று 1885இல் மேரி ஷார்லிப் என்ற மருத்துவர் முன்னின்று தொடங்கியது. பொது மருத்துவமனைக்கு வரத் தயங்கிய பெண்களை வரவழைப்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு என்று காரணம் சொல்லப்பட்டது. ஆண் மருத்துவரிடம் காட்டத் தயங்கியது ஒரு காரணம். அடுத்த கட்டிலில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் எல்லோருக்குமான அரசு மருத்துவமனையாக அது இயங்குகிறது.

லூசி வில்ஸ் சாதி பார்த்தவர் என்று நான் சொல்லவில்லை. அவர் ஏழைப் பெண்களுக்காக உழைத்த நேர்மையான அறிஞர். ஆனால் மருத்துவ அறிவு எந்தக் கட்டடத்துக்குள் வளர்ந்ததோ அந்தக் கட்டடத்தின் வாசற்பலகையில் சாதி எழுதியிருந்தது. ரத்தம் குறைவதற்குச் சாப்பாடு காரணம் என்று உள்ளே கண்டுபிடித்தார்கள். சாப்பாடு குறைவதற்கு எது காரணமோ அது வெளியே பெயராகத் தொங்கியது.

குன்னூரைப் பற்றியும் ஒரு செய்தி. அங்கே ராபர்ட் மெக்கரிசன் என்பவர் சத்துணவு ஆய்வுக்கூடத்தை நடத்திவந்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவை எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்து எடை பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் நன்கு கொழுத்தன. அரிசியை நம்பிய 'மதராஸி' உணவில் வளர்ந்தவை மிகவும் நோஞ்சானாக இருந்தன. அந்த மாகாணத்தின் சராசரிச் சாப்பாடே அப்படி என்றால், நீராகாரமும் ஒரு கடி வெங்காயமுமாக நடவுக்குப் போன பெண்ணின் சாப்பாட்டை எந்த எலிக்கும் கொடுத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அந்த ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போனது. அதுதான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

3. இலையின் பெயர்

மார்மைட்டுக்குள் இருந்த பொருள் எது என்று லூசி வில்ஸுக்குத் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்று மட்டும் அழைத்தார்கள். 1941இல் அமெரிக்காவின் டெக்சாஸில் நான்கு டன் பசலைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீன் மொழியில் 'ஃபோலியம்' என்று பெயர். அதனால் ஃபோலிக் அமிலம் ஆயிற்று. 1945இல் லெடர்லி ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகத சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

இன்னும் ஒரு பெரிய கண்டுபிடிப்பு 1991இல் வந்தது. முதுகுத்தண்டும் மூளையும் சரியாக மூடிக்கொள்ளாமல் பிறக்கும் குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள். முன்பு அப்படிப் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்குக் கரு உருவாவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தால், மறுபடி அப்படி நேர்வது 72 சதவீதம் குறைகிறது என்று பிரிட்டனில் தொடங்கிப் பல நாடுகளில் நடத்திய ஆய்வு நிறுவியது. கரு உண்டாகி 28 நாளுக்குள் அந்த மூடல் முடிந்துவிடுகிறது. அந்த 28ஆம் நாளில் பல பெண்களுக்குத் தாங்கள் முழுகாமல் இருப்பதே தெரியாது. மூன்றாம் மாதத்தில் பெயர் பதிந்து நான்காம் மாதத்தில் மாத்திரை வாங்கும்போது அந்தக் காலம் கடந்துபோயிருக்கும்.

ஆகவே கேள்வி கர்ப்பிணியோடு நிற்காது, கல்யாணத்துக்கு முந்தைய பெண்ணுக்குப் போகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல நிற இரும்பு மாத்திரை கொடுக்கும் திட்டம் இருக்கிறது. எட்டாம் வகுப்போடும் பத்தாம் வகுப்போடும் நின்று நூற்பாலைக்குப் போன பெண்ணுக்கு அது எட்டுவது அரிது. இந்த ராஜபாளையம் வட்டாரம் நூற்பாலைகளின் வட்டாரம். கொங்கு மாவட்டங்களிலும் திண்டுக்கல் பக்கமும் 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்கலப் பெயரில், மூன்றாண்டு முடிவில் மொத்தப் பணம் தருகிறோம் என்று சொல்லி, இளம் பெண்களை விடுதியில் அடைத்து இரவுப்பணி வாங்கியதை நாம் அறிவோம். அப்படிப் போனவர்களில் பெரும் பங்கினர் தலித் பெண்கள் என்று ஆய்வுகள் காட்டின. விடுதிச் சோறும் தூக்கமில்லாத இரவும் பஞ்சுத் தூசியுமாக மூன்று வருடம் கழித்து வெளுத்த உடம்போடு கல்யாணமாகிப் போகிறவள் அடுத்த வருடமே கர்ப்பிணி. அவளுடைய ரத்தசோகை கர்ப்பத்தில் வந்ததல்ல, கர்ப்பத்தில் தெரிய வந்தது.

4. சட்டம் எங்கே நின்றது

அம்பேத்கர் ஆதரித்த பம்பாய்ச் சட்டத்தைத் தொடர்ந்து சென்னை மாகாணமும் 1930களின் நடுவில் ஒரு மகப்பேறு உதவிச் சட்டம் கொண்டுவந்தது. 1961இல் நாடு முழுமைக்கும் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. 2017இல் அந்த விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். இவையெல்லாம் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், கடை, அலுவலகம் ஆகியவற்றில் சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு. நாற்று நடுகிறவளுக்கு முதலாளி யார்? நேற்று ஒருவர், இன்று ஒருவர், நாளை கொத்துக்காரர் கூட்டிப்போகும் இன்னொருவர். சம்பளப் பட்டியல் இல்லாத இடத்தில் விடுப்பு என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. பிளவக்கல் தண்ணீர் திறந்தால் நடவு. நடவு வந்தால் ஏழு மாத வயிற்றோடு முட்டளவு சேற்றில் குனிந்து நின்றாக வேண்டும். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை, அடுத்த நாள் கூப்பிடமாட்டார்கள்.

2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம்தான் முதன்முறையாகச் சம்பளப் பட்டியலைத் தாண்டி வந்தது. அரசுப் பணியில் இருப்போரும் வேறு சட்டத்தில் பயன் பெறுவோரும் நீங்கலாக, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது ரூ.6,000 என்று அது உரிமையாக எழுதியது. ஆனால் 2017இல் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டம் வந்தபோது அது முதல் குழந்தைக்கு மட்டும் ரூ.5,000 ஆகச் சுருங்கியது.

5. தமிழ்நாடு செய்ததும் செய்யாததும்

தமிழ்நாட்டின் சாதனையை நாம் குறைத்துப் பேசக் கூடாது. இரும்பு மாத்திரை 1970இலேயே தேசியத் திட்டமாக வந்தது. 1980இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதலில் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியம், பிறகு மற்ற மாவட்டங்கள். ஊரிலேயே ஒரு பெண்ணைப் பணியாளராக வைத்து, குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, மெலிந்த பிள்ளைக்கும் ஆபத்தில் இருந்த கர்ப்பிணிக்கும் சத்துருண்டை கொடுத்தார்கள். எடைத் தராசு சேரிக்குள் வந்ததே ஒரு மாற்றம்தான். நம் வீட்டுக் குழந்தையின் எடை ஓர் அரசுப் பதிவேட்டில் ஏறியது.

1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் ரூ.300 உடன் தொடங்கியது. 2006இல் ரூ.6,000, 2011இல் ரூ.12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து ரூ.18,000 என்று அது வளர்ந்தது. மருந்தை மொத்தமாக வாங்கிக் கிராமம் வரை சேர்க்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் உருவானது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கத் தொடங்கின. ஒவ்வொரு பேறுகாலச் சாவையும் பதிந்து, ஏன் நடந்தது என்று விசாரிக்கும் வழக்கம் வந்தது. பலன் எண்களில் தெரிகிறது. ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு எத்தனை தாய்மார்கள் இறக்கிறார்கள் என்ற கணக்கு 2001-03இல் தமிழ்நாட்டில் 134. 2018-20இல் 54. அதே 2018-20இல் இந்திய அளவு 97.

இப்போது இன்னோர் எண்ணைப் பாருங்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 50 சதவீதம். குறையவில்லை, கூடியிருக்கிறது. தமிழ்நாட்டிலும் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ரத்தசோகை. பெண்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பட்டியல் சாதிப் பெண்களிடம் இது சராசரியைவிடக் கூடுதல், பழங்குடிப் பெண்களிடம் இன்னும் கூடுதல்.

சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. ரத்தசோகை இறங்கவில்லை. ஏன்? சாவைத் தடுப்பது மருத்துவமனையின் வேலை. ஆம்புலன்ஸ், ரத்தம், அறுவைக்கூடம், இரவில் விழித்திருக்கும் செவிலியர் ஆகியவற்றை அரசு கொண்டுவந்தது, சாவு குறைந்தது. ரத்தசோகையைத் தடுப்பது மருத்துவமனை மட்டும் செய்யக்கூடியதல்ல. கூலி, வீட்டுக்குள் பங்கு, கல்யாண வயது, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி, கழிப்பறை, காலில் செருப்பு இவையெல்லாம் அதில் இருக்கின்றன. திறந்த வெளியில் கழிக்கப்போன இடத்தில் வெறுங்காலில் ஏறும் கொக்கிப்புழு நாள்தோறும் ரத்தத்தை உறிஞ்சும். அதனால்தான் முதல் மூன்று மாதம் கழிந்ததும் ஒரு குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள். செருப்புப் போட்டுத் தெருவில் நடந்ததற்காக அடி வாங்கிய வரலாறு நமக்கு உண்டு. அந்த அடிக்கும் இந்த ரத்தசோகைக்கும் தொடர்பு உண்டு என்று எந்த மருத்துவப் பாடநூலும் எழுதவில்லை, நாம்தான் எழுத வேண்டும்.

உதவித் திட்டத்தின் நிபந்தனைகளையும் பார்க்க வேண்டும். வயது 19 நிறைந்திருக்க வேண்டும், இரண்டு பிரசவத்துக்கு மட்டும் என்று விதி வைத்தார்கள். 17 வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவளும் மூன்றாவது பிள்ளையைச் சுமப்பவளும்தான் ரத்தம் மிகக் குறைந்து ஆபத்தில் இருப்பவர்கள். அவர்களை விதி வெளியே நிறுத்துகிறது. இளவயதுக் கல்யாணத்தைத் தடுக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் கட்டி வைத்தவர்கள் செய்த தப்புக்கு அவள் சோற்றில் கை வைப்பது தண்டனையா, தடுப்பா?

6. சாத்தூர், 2018

நம் விருதுநகர் மாவட்டத்தில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் நிறைமாதத்தை நெருங்கிய ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது என்று ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. நாடே அதிர்ந்தது. ரத்தம் கொடுத்த இளைஞரும் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு ரூ.25 லட்சம் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

ரத்தத்தைச் சோதிக்காதது யார் தவறு என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முந்தைய கேள்வியை யாரும் கேட்கவில்லை. எட்டாம் மாதம் வரை ஒரு பெண்ணின் ரத்தம் ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது? ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. நான்காம் மாதத்தில் தெரிந்தால் மாத்திரையும் சாப்பாடும் போதும். ஆறாம் மாதத்தில் தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்புச் சத்தை நரம்பில் ஏற்றலாம். கடைசி மாதத்தில்தான் தெரிகிறது என்றால் ரத்தம் ஏற்றுவதைத் தவிர வழி குறைவு. ஒவ்வொரு கட்டத்திலும் தவறவிட்டதன் விலையைக் கடைசியில் ஒரு பெண் கொடுக்கிறாள்.

7. நம் வயலும் நம் அடுப்பும்

மாத்திரை நம்முடையதல்ல, வெள்ளைக்காரன் மருந்து, நம் கீரையே போதும் என்று சொல்லும் குரலும் இப்போது பெருகியிருக்கிறது. எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்த மாத்திரையின் அறிவு ஏழை உழைக்கும் பெண்களின் உடம்பிலிருந்து வந்தது. அது நமக்குச் சேர வேண்டியது. கர்ப்பத்தில் ஒரு பெண்ணுக்குத் தேவைப்படும் இரும்பைச் சாப்பாட்டிலிருந்து மட்டும் எடுப்பது வசதியான வீட்டிலேயே கடினம்.

அதே நேரம் நம் சேரிப் பெண்களுக்கு ஓர் அறிவு இருந்தது. களை எடுக்கப் போனவர்கள் மடியில் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் குப்பைக்கீரையும் பறித்து வந்தார்கள். நான்கு டன் கீரையில் டெக்சாஸ்காரர்கள் தேடிய சத்து அந்த மடியில் இருந்தது. முழுகாமல் இருக்கும் பெண்ணுக்கு ஆட்டுச் சுவரொட்டியை வாட்டிக் கொடுத்தார்கள். கீரையில் இருக்கும் இரும்பைவிட இறைச்சியில் இருக்கும் இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும் என்று இன்றைய அறிவியலும் சொல்கிறது. மாட்டுக்கறியும் உப்புக்கண்டமும் நம் பெண்களின் ரத்தத்தைக் காத்த மலிவான உணவு. அந்த உணவைச் சொல்லித்தான் நம்மை இழிவுபடுத்தினார்கள். இழிவுக்கு அஞ்சிப் பல வீடுகளில் அதை விட்டோம். அந்த இடத்தில் பாலும் பழமும் பருப்பும் வந்து உட்காரவில்லை, ரேஷன் அரிசி மட்டும் கூடியது. இன்னொரு பக்கம் களைக்கொல்லி அடித்த வயலில் களையோடு கீரையும் போனது. களை எடுக்கும் கூலியும் போனது.

இங்கிருக்கும் மாணவர்கள் தங்கள் தெருவில் போய்ச் சொல்ல வேண்டிய சில செய்திகள் உண்டு. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், வயிறு கட்டும், சிலருக்குக் குமட்டும். இது விஷமல்ல. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட்டால் குமட்டல் குறையும். மாத்திரையோடு டீ, காபி குடித்தால் சத்து சேராது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் நன்றாகச் சேரும். ரத்த அழுத்தம் ஏறி ஜன்னி காணாமல் இருக்கக் கால்சியம் மாத்திரையும் தருகிறார்கள். அதையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குவது, ரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைவது இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாத்திரை பானைக்குப் பின்னால் போவதற்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல, யாரும் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசாததும்தான்.

8. நாம் கேட்க வேண்டியவை

இந்த வரலாற்றிலிருந்து மூன்று கோரிக்கைகள் எழுகின்றன. முதலாவது, விவசாயக் கூலிப் பெண்களுக்கு மகப்பேறு உதவி. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதமும் பிரசவத்துக்குப் பின் மூன்று மாதமும் அவள் இழக்கும் கூலிக்கு ஈடான தொகையை, எத்தனையாவது பிள்ளை, என்ன வயது என்று பார்க்காமல் கொடுக்க வேண்டும். இது 1928இல் அம்பேத்கர் ஆலைப் பெண்ணுக்குக் கேட்டதை வயல் பெண்ணுக்கு நீட்டுவது. இரண்டாவது, பள்ளியை விட்ட பெண்களுக்கும் நூற்பாலை விடுதியில் இருக்கும் பெண்களுக்கும் ரத்தப் பரிசோதனையும் ஃபோலிக் அமிலமும் கிடைப்பதை மாவட்ட நிர்வாகம் உறுதி செய்ய வேண்டும். மூன்றாவது, அங்கன்வாடியில் கர்ப்பிணிக்குத் தரும் சத்துமாவோடு முட்டையும் தர வேண்டும். அதைச் சமைப்பவர் யார், அடுத்து உட்கார்ந்து சாப்பிடுபவர் யார் என்று பார்க்கிறவர்கள் இருக்கும் ஊரில், எல்லாத் தெருக் கர்ப்பிணிகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதும் சத்தில் சேர்ந்ததுதான்.

நான்காவதாக ஒரு வேலை இருக்கிறது. அதை அரசிடம் கேட்க முடியாது, நாம்தான் செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ பிரசவத்தில் போனவர்கள் இருந்தால் அவர்கள் பெயரையும், எத்தனையாவது பேறு, எந்த மாதம் வரை வேலைக்குப் போனார்கள், அப்போது என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் உயிரோடு இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பம்பாயில் மார்மைட் சாப்பிட்டுப் பிழைத்த பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் ரத்தத்தின் அளவு மட்டும்தான் மருத்துவ இதழில் இருக்கிறது. நம் ஊரிலாவது பெயர்கள் இருக்கட்டும்.

ஜெய்பீம்.